குளிருக்கு ஒரு மூடி

நானுஓயா
03.02.2025

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தனுஜா எழுதுவது. இங்கே நானும் அண்ணியும் லோஜினியும் சுகம். அங்கே உங்களுக்கு உடம்பு தேறுகிறதா, சாப்பாடு இறங்குகிறதா?

புனர்வாழ்வு இல்லத்தில் ஆறு மாதத்துக்குத் தொலைபேசி கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று அவர்கள் சொன்னபோது அண்ணி அழுதார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். போன் என்றால் நான் வாயைத் திறந்ததுமே "சரி சரி, வைக்கிறேன்" என்பீர்கள். இனி நான் சொல்வதை முழுதாக வாசித்தே ஆகவேண்டும்.

செய்தி இதுதான். உங்கள் தங்கை இப்போது வெறும் விஞ்ஞான டீச்சர் இல்லை, பாடசாலையின் ஆலோசனை ஆசிரியையும் கூட. அட்டனில் ஐந்து நாள் பயிற்சி முடித்து வந்திருக்கிறேன். தரம் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆறே ஆறு கேள்வி உள்ள ஒரு தாள் கொடுக்கப்போகிறோம். குடியோ வேறு போதையோ தொட்டதுண்டா, எப்போது, எதற்காக என்று கேட்கும் தாள். பெயர் வேண்டாம், இலக்கம் போதும். எந்த இலக்கம் யாருடையது என்பது உளவளத்துணை அலுவலர் நிரஞ்சனுக்கு மட்டும் தெரியும். யோசிக்க வைக்கும் பதில் வந்தால் அந்தப் பிள்ளையோடு அவர் கால் மணி நேரம் பேசுவார். திட்டு இல்லை, அடி இல்லை, காட்டிக்கொடுப்பது இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்து பல்லைப் பார்த்துவிட்டுப் போகிறார்களே, அந்த மாதிரி. சொத்தை சின்னதாக இருக்கும்போதே கண்டுவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

பயிற்சி முழுக்க எனக்கு ஒரே நினைப்புத்தான். இதை உங்களுக்குப் பதினைந்து வயதில் யாராவது செய்திருந்தால்? மேலே எழுதவில்லை, கோபித்துக்கொள்வீர்கள்.

அதிபர் பத்திநாதன் சேர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். "ஆம்பளப் பிள்ளைங்களுக்கு மட்டும் குடுங்க டீச்சர். பொம்பளப் பிள்ளைங்ககிட்ட இதக் கேட்டா, நாளைக்குத் தோட்டமே பள்ளிக்கூட வாசல்ல வந்து நிக்கும்" என்றார். அரை மணி நேரம் விடாமல் பேசினேன். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னமோ செய்யுங்க" என்றார். தரம் பத்தில் உங்கள் மகள் லோஜினியும் எழுதுவாள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். பதிலை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
தனுஜா

•

இல்லம்
17.02.2025

அன்புத் தங்கைக்கு அண்ணன் முத்துலிங்கம் எழுதிக்கொள்வது. சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் தினமும் காலையில் கும்பிடுகிறேன்.

நீ டீச்சரானது போதாதென்று இப்போது இன்னொரு பதவியா? நல்லது. உன் ஆறு கேள்வி எனக்குப் புதிது இல்லை. இங்கே சேர்ந்த அன்றே கேட்டார்கள். ஆறுக்கு ஆறு வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத மார்க்.

இங்கே ஒரே வெயில். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டின கைக்கு வாளி பெரிய பாரமில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் அதிபர் சொல்வதும் நியாயம்தான். உனக்கு எதற்கு வீண் வம்பு?

லோஜினி விடிய எழும்பிப் படிக்கிறாளா? அங்கே குளிர் எப்படி? காலையில் அவளுக்குச் சூடாக ஏதாவது கொடுக்கச் சொல். தேத்தண்ணி போதும்.

ஒரு பக்கம் கேட்டாய். முக்கால் பக்கம் வந்துவிட்டது.

அண்ணன்

•

நானுஓயா
04.03.2025

அன்பான அண்ணனுக்கு, வீட்டில் எல்லாரும் சுகம். உங்கள் மிளகாய்க் கன்றுகளும் சுகமாக இருக்கட்டும்.

சிரிக்கத் தயாராக இருங்கள். தாள் கொடுத்தோம். தொண்ணூற்றாறு பிள்ளைகள் எழுதினார்கள். மேலிடத்திலிருந்து மொழிபெயர்ப்பாகி வந்த தாளில் முதல் கேள்வி, "மதுசாரம் பாவித்ததுண்டா?" என்பது. நம் பிள்ளைகளுக்கு மதுசாரம் என்றால் என்ன? விஞ்ஞானகூடத்தில் இலையைப் போட்டுப் பச்சையம் எடுக்கிற போத்தல். அதில் பெயர் ஒட்டி வைத்தவளே நான்தான். ஒரு பிள்ளை, "இல்லை, டீச்சர் தொட விடமாட்டார்" என்று எழுதியிருக்கிறது. குடித்தவர் ஒருவர்கூட இல்லை. பொன்னான பள்ளிக்கூடம்.

இரண்டாவது கேள்வி, "மருந்து வகைகள் பாவித்ததுண்டா?" அதற்கு எண்பத்தொரு பேர் ஆம். பத்திநாதன் சேர் தாள்கட்டைப் பார்த்துவிட்டுக் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எம்பத்தோரு பேரா? டீச்சர், பொலிசுக்குச் சொல்லணுமா, இல்ல நான் பென்ஷன் எடுத்துட்டுப் போயிரட்டுமா?" என்று கேட்டார். நிரஞ்சன் நேரே வகுப்புக்குப் போய், பொதுவாக, "என்ன மருந்துப்பா குடிச்சீங்க?" என்றார். முன்வரிசைப் பிள்ளை எழும்பிச் சொன்னது: "பெனடோல் சேர். காய்ச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரில குடுப்பாங்களே."

நானும் நிரஞ்சனும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புப் பாடம் நின்றுபோயிற்று. ஆனால் எனக்கு இப்போதுதான் வேகம் வந்திருக்கிறது. தாளை நாங்களே நம் சொல்லில் திருப்பி எழுதுகிறோம். சாராயம், கசிப்பு, பியர், பாபுல், மாவா, தூள், மாத்திரை என்று பிள்ளைகள் வாயில் வருகிற பெயரெல்லாம் போடப்போகிறோம்.

ஒரு தாள் மட்டும் தனியாக நிற்கிறது. "மருந்து. குளிருக்கு. விடிய ஒரு மூடி" என்று எழுதியிருக்கிறது. இருமலுக்குக் குடிக்கும் பாணியாக இருக்கும். நான்தான் பதினொரு வயதிலேயே விடுதிக்குப் போய்விட்டேனே, இப்போது தோட்டத்து லய வீடுகளில் என்ன பாணி குடிக்கிறார்கள் என்று எனக்கு எங்கே தெரியும்?

அன்புடன்,
தனுஜா

•

நானுஓயா
25.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு, நலம். உங்கள் நலம் தெரியவில்லை. மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபாலா, நீங்களா?

புதிய தாள் எழுதி முடிந்தது. இந்தத் தடவை பிள்ளைகள் உண்மையைச் சொன்னார்கள், அண்ணா. ஒவ்வொரு தாளாகப் பிரித்து வாசித்தேன். முப்பத்தொரு பேர் ஏதோ ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேரோடு நிரஞ்சன் பேச வேண்டும். எல்லாமே சின்ன வயது, சின்னத் தொடக்கம். இப்போதே பேசினால் திரும்பிவிடும். எங்களுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே என்று எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருக்கிறது.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். தாள் எழுத முன்பே ஒரு பெண் பிள்ளை என்னிடம் வந்தாள். "டீச்சர், 'குளிர் மருந்து'ன்னு ஒண்ணையும் சேத்துப் போடுங்க. சாராயம் குடிச்சீங்களான்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. அது குடிகாரங்க குடிக்கிறது. மருந்து குடிக்கிறது வேற" என்றாள். என்னவென்று கேட்டேன். விடியக்காலை ட்யூஷனுக்கும் வேலைக்கும் இறங்கும்போது, குளிருக்கு ஒரு போத்தல் மூடி சாராயம். வீட்டில் பெரியவர்களே ஊற்றிக் கொடுப்பது. அதற்குப் பெயர் மருந்து.

சொல்லைச் சேர்த்தோம். பதினான்கு பேர் அதற்கு ஆம் என்றிருக்கிறார்கள். அதில் எட்டுப் பேர் பெண் பிள்ளைகள். பெனடோல் என்று நான் சிரித்தேனே, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு தாளின் எழுத்து எனக்குப் பழக்கமான எழுத்து. அதற்கு மேல் நான் எழுதக்கூடாது, நீங்களும் கேட்கக்கூடாது. ஆனால் நான் உங்களைக் கேட்கலாம். நம் வீட்டில் எதை மருந்து என்று சொன்னீர்கள்?

பதிலை எதிர்பார்க்கும்,
தனுஜா

•

இல்லம்
09.04.2025

அன்புத் தங்கைக்கு, உங்கள் எல்லாருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள். நான் சுகம்.

மிளகாய் பூத்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் அழகன், மீன் பிடிக்கிறவர். கடலைப் பற்றி ஓயாமல் பேசுவார். நான் மலையைப் பற்றிச் சொன்னால் அவருக்கு நம்பிக்கை வருவதில்லை. ஏப்ரலில் கம்பளிச்சட்டை போடுவோம் என்றேன், சிரிக்கிறார்.

இங்கே கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதையும் யோசித்துக்கொள்.

அண்ணி கொழுந்து பறிக்க மலைக்கு ஒழுங்காகப் போகிறாளா? லோஜினிக்குப் புதுச்சட்டை எடுத்தீர்களா, என்ன நிறம்?

நீ ஏதோ கேட்டிருந்தாய். பேனையில் மை முடியப்போகிறது.

அண்ணன்

•

நானுஓயா
24.04.2025

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதத்தோடு பேனை இரண்டு அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். லோஜினி தானாகவே என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "அத்த, அந்த எழுத்து என்னோடதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள். நான் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். "தெரியும். ழானா சுழிக்கிறதே நீங்க சொல்லிக் குடுத்ததுதானே" என்றாள். பிறகு எல்லாம் சொன்னாள். அப்பாவுக்கு எழுதலாமா என்று கேட்டேன். எழுதச் சொன்னாள். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் போனபோது அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் ஒரு போத்தலை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவள் அதில் தினமும் விடிய ஒரு மூடி எடுத்திருக்கிறாள். பிறகு இரண்டு. தவணைப் பரீட்சை அன்று மூன்று. போத்தல் முடியப்போகிறது, முடிந்தால் எப்படிப் படிப்பேன் என்று அவளுக்குப் பயம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வருகிற பயமா அது?

நிரஞ்சன் கூப்பிட்ட ஒன்பது பேரில் எட்டுப் பேர் பேசிவிட்டார்கள். அவள் மட்டும் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா குடுத்தது எப்புடி அத்த சாராயமா இருக்கும்? மருந்துன்னுதானே சொன்னாரு. நான் போய் வேற மாதிரிச் சொன்னா, அப்பாவ இன்னும் ஆறு மாசம் அங்கேயே வச்சிருவாங்க."

உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னாலும் நம்பமாட்டாள், நிரஞ்சன் சொன்னாலும் நம்பமாட்டாள். மருந்து என்று சொன்ன ஆள் நீங்கள், இல்லை என்றும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரு கடிதம், ஒரே ஒரு வரி போதும். இன்னும் காலம் போய்விடவில்லை, அண்ணா.

தனுஜா

•

நானுஓயா
16.05.2025

அண்ணாவுக்கு, மூன்று வாரம் ஆயிற்று.

நான் அந்தப் போத்தலைத் தூக்கி எறிந்திருப்பேன். நிரஞ்சன் வேண்டாம் என்கிறார். நான் எறிந்தால் அவள் வேறு போத்தல் தேடுவாளாம். அவளே தள்ளி வைக்க வேண்டுமாம். போன ஞாயிறு பார்த்தேன், அடியில் இரண்டு விரல் அளவு இருந்தது.

லோஜினி தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் தபாற்கந்தோர் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போகிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தனுஜா

•

இல்லம்
21.05.2025

என் மகள் லோஜினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அது மருந்து இல்லை. சாராயம்.

இதை எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆறு தாள் கிழித்தேன். இனி எழுதுவது சுலபம்.

நீ தரம் எட்டில் இருந்தாய். ஒரு சனிக்கிழமை விடிய உன்னை ட்யூஷனுக்கு இறக்கிவிட லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். கண்ணாடி முழுக்கப் பனி. உன் பல் கிடுகிடுத்தது. போத்தல் மூடியில் ஊற்றி, "மருந்து, கண்ண மூடிக்கிட்டு முழுங்கு" என்றேன். நீ முகத்தைச் சுளித்தாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பெயரை நான் முதலில் எனக்குத்தான் வைத்தேன். மருந்து என்றால் நான் குடிகாரன் இல்லையே. உனக்கும் ஒரு மூடி கொடுத்தபோது, பிள்ளைக்கே கொடுக்கிறோம், அப்படியென்றால் இது மருந்துதான் என்று நானே நம்பிக்கொண்டேன். என் பொய்க்கு உன்னைச் சாட்சி வைத்தேன் மகள். நீ இந்த நிமிஷம் வரை சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாய். போதும்.

இங்கே குளிரே இல்லை. உட்கார்ந்தாலே சட்டை நனைகிறது. வந்த முதல் வாரம் இந்த வெயிலிலும் கை நடுங்கி நடுங்கி அதைக் கேட்டேன். குளிர் இல்லாத இடத்தில் குளிருக்கு மருந்து கேட்கிறவன் யார்? அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. நீ தாளில் எழுதிவிட்டாய். என்னைவிட உனக்குத் தைரியம் அதிகம்.

நேற்று இங்கே எல்லார் முன்னாலும் எழும்பி இதைச் சொன்னேன். அழகன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அலுவலகத்தில் போய், "இதுக்காக நாள் கூட்டுவீங்களா?" என்று கேட்டேன். ஒரு நாள்கூடக் கூட்டமாட்டார்கள். ஜூலை பத்தொன்பது என்றால் பத்தொன்பதுதான். இனி உனக்கு அந்தப் பயம் வேண்டாம்.

நிரஞ்சன் சேரிடம் போய்ப் பேசு. என்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ எல்லாவற்றையும் சொல்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
அப்பா

•

நானுஓயா
12.06.2025

என் அருமை அண்ணாவுக்கு, எல்லாரும் நலம், நலம், நலம். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.

எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறேன். உங்கள் கடிதத்தை லோஜினி பாடசாலை வாசலிலேயே பிரித்து வாசித்தாள். நேரே நிரஞ்சனின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். கால் மணி நேரப் பேச்சு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. எனக்குத் தரம் பத்துக்குப் பாடம் இருந்ததையே மறந்துவிட்டு வெளியில் நின்றேன். வெளியே வந்தவள், "அத்த, பசிக்குது" என்றாள். என் சோற்றுப் பெட்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் தண்ணீர் குடித்தேன். இப்போது கிழமைக்கு ஒரு தடவை போகிறாள். இடையில் இரண்டு தடவை மறுபடி ஒரு மூடி குடித்துத் தவறிவிட்டாள், அதையும் அவளே சொன்னாள். தவறினால் முடிந்துபோயிற்று என்று அர்த்தமில்லை என்கிறார் நிரஞ்சன். இதையெல்லாம் எழுதச் சொன்னதும் அவள்தான்.

அடுத்தது அண்ணி. எட்டு ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்காத நம் பிரியந்தி அண்ணி. போத்தலில் மிச்சம் இருந்ததை லோஜினியும் அவரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஊற்றினார்கள். பிறகு பிள்ளைகளின் தாள் பற்றி நான் பேசவேண்டும் என்று, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் பெரட்டுக் களத்தில் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினேன். விடிய எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க வந்து நிற்கிறார்கள். நான் இரண்டு வாக்கியம்தான் பேசியிருப்பேன், அண்ணி கொழுந்துக் கூடையோடு முன்னால் வந்தார். சொல்லலாமா என்று மகளிடம் முதல் நாளே கேட்டுவிட்டாராம். "எங்க வீட்டுல அதுக்கு மருந்துன்னு பேரு. அது சாராயம். எம் பிள்ளையும் குடிச்சிச்சு. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், "எங்க வீட்டுலயும்தான்" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. கண்டாக்கையா மணியைப் பார்த்தார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

பத்திநாதன் சேர் இப்போது எல்லாரிடமும், "பொம்பளப் பிள்ளைங்களுக்கும் குடுக்கணும்னு நாந்தான் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். அடுத்த தவணை பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் எங்கள் தாள்தான் போகிறது. அதில் அச்சில் இருக்கிறது, அண்ணா: குளிர் மருந்து.

உங்களை நினைத்துப் பெருமைப்படும்,
தனுஜா

•

நானுஓயா
09.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு மகள் லோஜினி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று கடிதத்தின் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இப்போது கோடு நேராக இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்து ஆறு கிழமைக்கு மேலாகியும் நான் பதில் எழுதவில்லை. முதலில் எனக்குக் கோபம். உங்கள் மேல் மூன்று நாள், அத்தை மேல் ஒரு நாள், நிரஞ்சன் சேர் மேல் சும்மா. பிறகு எழுத ஒன்றும் இல்லாமல் எழுதக்கூடாது என்று இருந்தேன். இப்போது இருக்கிறது. அதைத் தொடாமல் நேற்றோடு இருபத்தெட்டு நாள்.

மூன்றாவது தடவையாகத் தாள் எழுதினோம். இந்தத் தடவையும் இலக்கம்தான் போடச் சொன்னார்கள். நான் பெயரை முழுதாக எழுதினேன். முத்துலிங்கம் லோஜினி. அத்தை அதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனார். தடிமன் என்றார். பொய்.

விடிய எழும்புவது இன்னும் கஷ்டம்தான். குளிர் அப்படியேதான் இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை. இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு படிக்கிறேன். விஞ்ஞானத்துக்கு எழுபத்திரண்டு.

பத்தொன்பதாம் தேதி விடிய ரயிலில் நீங்கள் வருவீர்கள் என்று அத்தை சொன்னார். ஸ்டேஷனுக்கு அம்மா வருவார், அத்தையும் வருவார், நானும் வருவேன். ஆறு மாதம் வெயிலில் இருந்துவிட்டு வருகிறீர்கள், இறங்கியதும் உங்களுக்குப் பல் கிடுகிடுக்கும். நான் ப்ளாஸ்கில் வெறுந்தேத்தண்ணி கொண்டுவருவேன், இஞ்சி தட்டிப் போட்டு.

கோப்பை கொண்டுவர மாட்டேன் அப்பா. ப்ளாஸ்க் மூடியிலேயே ஊற்றித் தருவேன். முதலில் உங்களுக்கு ஒரு மூடி, பிறகு எனக்கு ஒரு மூடி. என்னவென்று யாராவது கேட்டால் தேத்தண்ணி என்று சொல்லுங்கள்.

வழி பார்த்திருக்கும் மகள்,
லோஜினி